நாயக்கனூர்: ஊராகிப் போன ஒரு பெயர்

தேனி பென்னிகுவிக் பேருந்து நிலையத்தில் விடியற்காலையில் நின்றிருக்கிறீர்களா? நடத்துநர்கள் கூவுகிற பெயர்களைக் கேட்டுக்கொண்டே ஒரு டீ குடிப்பது எனக்குப் பிடித்த காரியம். "கம்பம், கம்பம், குமுளி!" "சின்னமனூர், பாளையம்!" இடையில் ஒரு குரல் விடாமல் அடித்துக்கொண்டிருக்கும்: "போடி, போடி, போடி!" வெளியூரிலிருந்து முதல்முறை வருகிற பெண்கள் திடுக்கிட்டுத் திரும்புவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அந்தச் சொல்லில் எந்தக் கோபமும் கேட்காது. ஏலக்காய் மணமும் மலையிலிருந்து இறங்கும் சாரலும்தான் கேட்கும்.

அந்தக் குரலில் கேட்பது ஓர் ஊரின் பெயர் அன்று, ஒரு மனிதரின் பெயர். இது எனக்கே வெகுநாள் உறைக்கவில்லை. உறைத்தது ரயில் நிலையத்தில். 1928இல் வந்த மீட்டர்கேஜ் பாதை 2010ஆம் ஆண்டுக் கடைசியோடு மூடப்பட்டு, பன்னிரண்டு வருடத்துக்கு மேல் ரயிலே இல்லாமல் கிடந்து, 2023 ஜூன் 15 அன்று அகலப்பாதையில் வண்டி திரும்ப வந்தது. அதைப் பார்க்கப் போன கூட்டத்தில் நானும் இருந்தேன். புது மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்தில் முழுப்பெயர்: போடிநாயக்கனூர். பேச்சில் எப்போதோ உதிர்ந்துவிட்ட பின்பாதி, அங்கே ஓர் எழுத்தும் குறையாமல் நின்றிருந்தது. போடி என்று ஒரு நாயக்கர், அவருடைய ஊர். பெயருக்குள் ஆளே உட்கார்ந்திருக்கிறார்.

அன்றிலிருந்து இந்தப் பெயரை விடாமல் துருவிக்கொண்டிருக்கிறேன்.

முதலில் 'போடி'. இதைப் 'போதி' என்பதன் திரிபாக்கி, அரசமரத்தோடும் புத்தரோடும் முடிச்சுப் போடுகிறவர்கள் உண்டு. ஒலி அதற்கு இடம் கொடுக்கவில்லை. போதியில் வருவது பல்லில் நா படும் தகரம். இங்கே இருப்பது நாவை மடக்கிச் சொல்லும் டகரம். தமிழ் வாய் இந்த இரண்டையும் எளிதில் குழப்பிக்கொள்ளாது. விடையைத் தேட வேண்டியது பாலியில் அல்ல, தெலுங்கில். தெலுங்கில் 'போடி' என்றால் மொட்டை. மழித்த தலைக்கும் கொம்பில்லாத மாட்டுக்கும் அந்தச் சொல் வரும். கன்னடத்தில் 'போளு', 'போடு' என்று அதன் உறவுகள் இருக்கின்றன. நம்மில் மொட்டையன், மொட்டையாண்டி, மொட்டையம்மாள் என்று பெயர் வைப்பதில்லையா? பழநிக்கோ திருப்பதிக்கோ நேர்ந்துகொண்டு பெற்ற பிள்ளைக்கு முடியிறக்கி, அதையே பெயராகவும் வைக்கிற வழக்கம் தெலுங்கு பேசுகிற குடிகளிலும் உண்டு. போடி நாயக்கர் அப்படி நேர்ந்துகொண்டு பிறந்த பிள்ளையாக இருந்திருப்பார் என்பது என் ஊகம். ஒரு தாயின் வேண்டுதல் ஒரு நகராட்சியின் பெயராக நிற்கிறது என்று நினைக்கும்போது மனம் நெகிழ்கிறது.

அடுத்து 'நாயக்கன்'. இதற்கு மூலம் வடமொழியின் 'நாயக'. அதற்கு அடியில் இருப்பது 'நீ' என்னும் வேர்; நடத்திச் செல்லுதல் என்பது அதன் பொருள். இந்தச் சொல் தமிழுக்குள் இரண்டு முறை வந்தது என்பதுதான் சுவையான செய்தி. முதல் வரவில் 'நாயகன்' ஆயிற்று. இரண்டு உயிருக்கு நடுவே தனித்து நிற்கும் ககரத்தைத் தமிழ் மெலிதாகத்தான் ஒலிக்கும். அந்த நாயகன் காப்பியத் தலைவன் ஆனான், கணவன் ஆனான், இறைவன் ஆனான், கடைசியில் சினிமாக் கதாநாயகனும் ஆனான். இரண்டாம் முறை அதே சொல் தெலுங்கு, கன்னடப் படைவீரர்களின் வாயிலிருந்து வந்தது. அவர்கள் 'க'வை அழுத்திச் சொன்னார்கள். அந்த அழுத்தத்தைக் காப்பாற்றத் தமிழ் ஒரு ஒற்றைக் கூடுதலாக வைத்தது: நாயக்கன். ஒரு மெய்யெழுத்தில் கதாநாயகனும் படைத்தலைவனும் பிரிந்தார்கள்.

விசயநகர அரசில் நாயக்கர் என்பது சாதிப்பெயர் அல்ல, பொறுப்பின் பெயர். இத்தனை வீரர்களை வைத்துப் பராமரித்து, அழைத்தபோது அரசனிடம் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். அதற்குப் பதிலாக நிலவருவாய். 1529 முதல் மதுரையை ஆண்ட விசுவநாத நாயக்கரும் அப்படிப் பொறுப்பேற்று வந்தவர்தான். பொறுப்பு பரம்பரை ஆயிற்று, பரம்பரை குலப்பெயர் ஆயிற்று. அதே வேரிலிருந்து தெலுங்கில் நாயுடு வந்தது. 1815வரை கண்டியை ஆண்ட அரசர்களும் நாயக்கர் வம்சம்தான். இந்திய ராணுவத்தில் இன்றும் 'நாயக்', 'லான்ஸ் நாயக்' என்று பதவிகள் இருக்கின்றன. தேனிப் பக்கம் ராணுவத்துக்குப் பிள்ளையை அனுப்பாத கிராமம் குறைவு. விடுப்பில் ஊருக்கு வரும் ஒரு லான்ஸ் நாயக் போடி பஸ்ஸில் ஏறும்போது, அறுநூறு வருட இடைவெளியில் ஒரே சொல் இரண்டு உருவத்தில் பக்கத்தில் பக்கத்தில் உட்காருகிறது.

மூன்றாவது உறுப்பு 'ஊர்'. இதில் இலக்கணம் ஒரு வேலை செய்திருக்கிறது. நேரில் நிற்கும்போது அவர் நாயக்கர். அர் விகுதி இல்லாமல் அழைக்க யாருக்குத் துணிவு வரும்? ஊர்ப்பெயரில் சேரும்போது நாயக்கன் + ஊர் = நாயக்கனூர். மரியாதை விகுதி கழன்று விழுந்துவிட்டது. அரண்மனை வாசலில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்த குடியானவன், வெளியே வந்து ஊர்ப்பெயரைச் சொல்லும்போது மட்டும் அவரை ஒருமையில் சொன்னான். இது எந்தக் குறும்பாலும் நேர்ந்ததன்று. தமிழில் ஊர்ப்பெயர்கள் அப்படித்தான் புணரும். ஆனாலும் அந்த ஒருமையில் எனக்கு ஒரு நெருக்கம் தெரிகிறது.

போடி நாயக்கரின் குடும்பம் ராஜகம்பளத்தார் என்று சொல்லப்படும் தொட்டிய நாயக்கர் மரபு. ஆந்திரத்தில் அனந்தப்பூர்ப் பக்கம் இருக்கும் குத்திக் கோட்டையிலிருந்து பதினான்காம் நூற்றாண்டில் தெற்கே வந்ததாகக் குடும்ப மரபு சொல்கிறது. காலின் மெக்கன்சி திரட்டிய பாளையப்பட்டு வம்சாவளிகளைப் புரட்டினால், கம்பளத்தார் கதைகள் பலவும் ஒரு தப்பியோடலில்தான் தொடங்கும். வடக்கே துலுக்க அரசன் பெண் கேட்டான், கொடுக்க மனமில்லாமல் இரவோடு இரவாகக் கிளம்பினார்கள், வெள்ளம் மறித்தது, இரு கரையிலும் நின்ற புங்கமரங்கள் வளைந்து பாலமாயின. அதனால் புங்கமரம் அவர்களுக்கு வணக்கத்துக்குரியது. இதை நடந்த வரலாறாக எடுத்துக்கொள்ள நான் சொல்லவில்லை. ஆனால் எங்கிருந்தோ வந்தவர்கள் என்கிற நினைவு அவர்களிடம் எவ்வளவு ஆழமாக இருந்தது என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

'கம்பளம்' என்ற பெயரும் அதைத்தான் சொல்கிறது. கம்பளம் என்றால் கம்பளிப் போர்வை. சாதிக்கூட்டம் கூடும்போது நடுவில் ஒரு கம்பளியை விரித்து, அதன்மேல் நீர் நிறைத்த கலசத்தை வைத்து, அதன் முன்னால் பேசி முடிவெடுப்பது அவர்கள் வழக்கம். அரண்மனை மண்டபம் கிடையாது, ஆலமர மேடை கிடையாது. எங்கே கம்பளி விரிந்ததோ அங்கே சபை. மந்தையோடு நடந்துகொண்டே இருந்த ஒரு கூட்டத்துக்குத்தான் இப்படி ஒரு சபை தேவைப்படும். சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த ஊருக்கு நடக்கலாம். (கம்பளத்துக்கும் கம்பத்துக்கும் உறவு உண்டா என்று கேட்பார்கள். இல்லை. கம்பம் என்பது தூண். கம்பராயப் பெருமாள் கோயிலோடு சேர்த்துச் சொல்லப்படும் ஊர்ப்பெயர்.)

போடிக்கு இந்தப் பள்ளத்தாக்கிலேயே உடன்பிறந்த பெயர்கள் இருக்கின்றன. தேனியிலிருந்து வருசநாட்டுப் பாதையில் போனால் கண்டமனூர். பழைய ஆவணங்களில் கண்டமநாயக்கனூர். வருசநாட்டு மலைகள்வரை அந்த ஜமீனுக்குச் சேர்ந்திருந்தன. தமிழ் எழுத்தில் பார்த்தால் 'கண்டம்' என்று எதையோ வெட்டியது போலத் தோன்றும். வெள்ளைக்காரர் எழுதி வைத்த பதிவுகளில் முதலெழுத்து வன்மையான ககரம் அல்ல. 'கங்கை'யில் வருவது போன்ற ஒலிப்புடைய ககரம். தமிழ் எழுத்து இரண்டுக்கும் ஒரே வரிவடிவம்தான் வைத்திருக்கிறது என்பதால் நம் ஆவணத்தில் மறைந்துபோன ஒலி, அந்நியர் ஆவணத்தில் தங்கிவிட்டது. அந்த ஒலியைப் பிடித்துக்கொண்டு போனால் கன்னட, தெலுங்குச் சொல்லான 'கண்ட'வுக்கு வந்து சேர்வோம்: வீரன், ஆண்மகன். விசயநகர அரசர்களின் பட்டமான 'மூவராயர கண்டன்' என்பதில் இருக்கும் கண்டனும் இவன்தான். கண்டம நாயக்கர் என்றால் வீர நாயக்கர் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

சின்னமனூருக்குப் பக்கத்தில் எரசக்கநாயக்கனூர். என் அப்பத்தா அதை ஒருநாளும் முழுசாகச் சொன்னதில்லை. "எரசைக்குப் போயிட்டுப் பொழுது சாய வந்துர்றேன்யா" என்பார். எரசக்க என்பதைப் பிரித்தால் தெலுங்கின் எர்ர, சக்க என்று வரும். எர்ர என்றால் சிவப்பு, சக்க என்றால் அழகு. சிவந்த நிறத்துச் சக்க நாயக்கர். போடிக் குடும்பத்தின் மூதாதை ஒருவருக்குச் சக்கு நாயக்கர் என்று மரபு பெயர் சொல்வதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இது அந்தக் கூட்டத்தில் புழங்கிய பெயர்தான் என்பது தெளிவாகும். மலைக்கு அந்தப் பக்கம் உசிலம்பட்டி வட்டாரத்தில் தொட்டப்பநாயக்கனூர். கன்னடத்தில் தொட்ட என்றால் பெரிய, தொட்டப்பன் என்றால் பெரியப்பன். மொட்டையன், வீரன், சிவந்தவன், பெரியப்பன். பட்டம் கட்டிக்கொண்ட பெயர்கள் அல்ல இவை. வீட்டுத் திண்ணையில் கூப்பிட்ட பெயர்கள்.

சின்னமனூரைத்தான் நான் எல்லாவற்றிலும் முக்கியமாக நினைக்கிறேன். சின்னம நாயக்கர் பெயரால் வந்த ஊர் என்பது வழக்கு. கண்டமநாயக்கனூர் கண்டமனூர் ஆன அதே பாதையில் சின்னமநாயக்கனூர் சின்னமனூர் ஆகியிருக்க வேண்டும். இரண்டிலும் நடுவிலிருந்த நாயக்கரை மக்கள் வாய் மென்று விழுங்கிவிட்டது. ஆனால் இந்த ஊருக்கு அதற்கும் முன்னால் ஒரு பெயர் இருந்ததைக் கல்வெட்டுகள் காட்டுகின்றன: அளநாட்டு அரிகேசரிநல்லூர். அரிகேசரி பாண்டிய மன்னனின் பெயர். இங்கே கிடைத்த சின்னமனூர்ச் செப்பேடுகள் இல்லையென்றால் பாண்டியர் வம்சவரிசையைப் பாதி இருட்டில்தான் எழுதியிருக்க வேண்டும். மதுரையில் சங்கம் வைத்ததையும் மகாபாரதத்தைத் தமிழாக்கியதையும் பாண்டியர் பெருமையாகச் சொல்வது அந்தப் பெரிய செப்பேட்டில்தான். அப்பேர்ப்பட்ட மன்னன் தன் பெயரை நல்லூரோடு சேர்த்துக் கல்லில் வெட்டி வைத்தான். பல நூறு வருடம் கழித்து ஒரு சின்னமன் வந்தார். கல்லில் இருந்த அரிகேசரி போனான், வாயில் இருந்த சின்னமன் நின்றான். செப்பேட்டுக்கே இப்போது சின்னமனூர்ச் செப்பேடு என்றுதான் பெயர்.

இந்தப் பள்ளத்தாக்கின் ஊர்ப்பெயர்களில் ஒரு படிவரிசையும் தெரிகிறது. பாளையம் வைத்திருந்தவர் பெயர் பெரும்பாலும் 'ஊர்' என்று முடியும்: நாயக்கனூர். அடுத்த நிலைத் தலைவர்களின் பெயர் 'பட்டி' என்று முடியும்: காமயகவுண்டன்பட்டி, குள்ளப்பகவுண்டன்பட்டி, நாராயணத்தேவன்பட்டி, ராயப்பன்பட்டி. பட்டி என்றால் ஆடுமாடு அடைக்கிற இடம், பிறகு சிற்றூர். இன்று காமயகவுண்டன் கே.கே.பட்டிக்குள்ளும் குள்ளப்பகவுண்டன் கே.ஜி.பட்டிக்குள்ளும் ஒளிந்துகொண்டார்கள்.

இனி ஒரு தூரதேசத்துக்குப் போய் வர வேண்டும். ஜெர்மனியின் பெருங்குடிப் பெயர்களைப் படித்தபோதுதான் நம் நாயக்கனூரின் தனித்தன்மை எனக்குப் பிடிபட்டது. அங்கே பிரபுக்குடும்பப் பெயர்களில் 'ஃபான்' என்றொரு சின்னச் சொல் வரும். 'இன்ன இடத்திலிருந்து' என்று பொருள். ஜெர்மனியின் கடைசிப் பேரரசர் இரண்டாம் வில்லியத்தின் குடும்பமான ஹோஹென்சோலர்னை எடுத்துக்கொள்வோம். தென்மேற்கில் ஹெகிங்கன் அருகே ஒரு தனிக்குன்று, அதன்மேல் கோட்டை. குன்றின் பெயர் சோலர். 1061ஆம் ஆண்டுக் குறிப்பொன்றில் அந்த இடத்தைச் சொல்லி அடையாளம் காட்டப்பட்ட இருவர் கொல்லப்பட்டதாக வருகிறது. குடும்பப் பெயர் முதன்முதலாக எழுத்தில் விழுவது அங்கேதான். 'ஹோஹென்' என்றால் உயர்ந்த. அந்த அடைமொழி பிறகு ஒட்டியது. ஆக, அங்கே மலை ஆளுக்குப் பெயர் கொடுத்தது.

இங்கே நடந்தது நேர் எதிர். ஆள் மண்ணுக்குப் பெயர் கொடுத்தார். காரணம் எளிது. சோலர் குன்றின் பிரபு அந்தக் கோட்டையில் வேர்விட்டு நின்றவர். இடத்தைச் சொன்னாலே ஆள் யார் என்று விளங்கிவிடும். கம்பளத்தார் கம்பளியைச் சுருட்டிக்கொண்டு நடந்து வந்தவர்கள். சொல்லிக்கொள்ள ஓர் இடம் அவர்களுக்கு இல்லை. இருந்தது பெயர் மட்டும். காடு வெட்டி, குளம் வெட்டி, கூட வந்தவர்களுக்கு நிலம் பிரித்துக் கொடுத்து உட்கார்ந்த இடத்தில் அந்தப் பெயரை ஊன்றினார்கள்.

கிளை பிரிவதிலும் இந்த வேறுபாடு தெரியும். ஹோஹென்சோலர்ன் குடும்பம் பதின்மூன்றாம் நூற்றாண்டில் சுவாபியக் கிளை, பிராங்கோனியக் கிளை என்று இரண்டானது. சுவாபியக் கிளை 1576இல் மறுபடி பிரிந்தபோது, ஒவ்வொரு கிளையும் தான் குடியேறிய இடத்தைப் பெயரின் வாலில் கட்டிக்கொண்டது: ஹோஹென்சோலர்ன்-ஹெகிங்கன், ஹோஹென்சோலர்ன்-சிக்மரிங்கன். 1866இல் ருமேனியாவை ஆளப் போன முதலாம் கரோல் இந்தச் சிக்மரிங்கன் கிளை. பிராங்கோனியக் கிளையோ 1415இல் பிராண்டன்பர்க்கைப் பெற்று, 1701இல் பிரஷ்யாவின் அரசராகி, 1871இல் பேரரசு கண்டது. அந்த ஏற்றத்துக்கு ஒரு காரணம் சொல்வார்கள். 1473இல் ஆல்பிரெக்ட் அக்கிலிஸ் என்பவர் பிராண்டன்பர்க்கைக் கூறுபோடக் கூடாது, அது மூத்த மகனுக்கே போக வேண்டும் என்று குடும்ப விதி எழுதி வைத்தார்.

இந்த இடத்தில்தான் போடியும் பிராண்டன்பர்க்கும் ஒன்றுபோல் பேசுகின்றன. நம் ஜமீன்களும் பாகம் பிரிக்க முடியாதவை. மூத்தவர் பட்டத்துக்கு வருவார், இளையவர்களுக்கு ஜீவனாம்சமும் பண்ணை நிலமும். சென்னை மாகாணம் 1904இல் இதற்கென்றே சட்டம் இயற்றியது. போடி ஜமீனின் வாரிசு வழக்கு, நாடு விடுதலை பெற்ற பிறகும் ஓயாமல் உச்ச நீதிமன்றம்வரை போய் 1952ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பில் இடம்பெற்றிருக்கிறது. இளைய கிளை நிலம் வாங்கிக்கொண்டு ஒதுங்கிவிட்டது என்பதாலேயே பட்டத்தின் மேலுள்ள உரிமையையும் விட்டுவிட்டதாகச் சொல்ல முடியாது, விட்டுவிடும் எண்ணம் இருந்தது நிரூபிக்கப்பட வேண்டும் என்பது அதில் விளங்கிய நெறி. கிளை என்ற சொல்லைத் தமிழ் மரத்துக்கும் சுற்றத்துக்கும் ஒருசேர வைத்திருப்பதன் பொருள் அந்தத் தீர்ப்பைப் படிக்கும்போது நன்றாக விளங்குகிறது. விலகி வளர்ந்தாலும் ஒரே அடிமரத்தில் நிற்பதுதான் கிளை.

சொற்களிலும் ஒற்றுமைகள் இருக்கின்றன. ஜெர்மனியில் கோமகனைக் குறிக்கும் 'ஹெர்ட்சோக்' என்பதைப் பிரித்தால் படை, நடத்துபவன் என்று வரும். அப்படியே நம் நாயக்கர். பிரஷ்ய நிலப்பிரபுக்களைச் சொல்லும் 'யுங்கர்' என்பது 'இளம் எசமான்' என்ற பழந்தொடரின் தேய்வு. எங்கள் பக்கம் ஜமீன்தாரின் தம்பியைச் 'சின்னதுரை' என்பார்கள். துரை என்பதும் தெலுங்கு 'தொர', கன்னட 'தொரெ' ஆகியவற்றின் உறவு. ஜமீன் துரைகளுக்கு வழங்கிய சொல்லைத்தான் பிறகு வெள்ளைக்காரருக்கும் வைத்து, அவர்கள் அரசாங்கத்துக்குத் 'துரைத்தனம்' என்று பெயரிட்டோம்.

ஊர்ப்பெயர் ஒரே இடத்தில் நின்றது. பட்டப்பெயர் இரண்டு முறை மாறியது. நாயக்கர் முதலாவது. மதுரை ஆட்சிப்பரப்பை விசுவநாதரும் அவருடைய தளவாய் அரியநாத முதலியாரும் எழுபத்திரண்டு பாளையங்களாக வகுத்ததாகச் சொல்லும் காலத்திலிருந்து பாளையக்காரர். பாளையம் என்றால் படை தங்கும் கூடாரம், தெலுங்கில் 'பாளெமு'. ஆங்கிலேயர் வாயில் அது 'பாலிகர்' என்று சிதைந்தது. திண்டுக்கல் சீமையோடு சேர்ந்திருந்த இந்தப் பகுதி 1792இல் திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போயிற்று. 1801இல் பாளையக்காரர்களோடு நடந்த போருக்குப் பின் பாளையக்காரர் என்ற சொல்லே ஆட்சியாளருக்கு ஆகாததாயிற்று. 1802இன் நிலையான நிலவரித் திட்டம் புதுச்சொல் தந்தது: ஜமீன்தார். பாரசீகத்தில் ஜமீன் என்றால் நிலம், ஜமீன்தார் என்றால் நிலம் வைத்திருப்பவர்.

இந்த மூன்று சொல்லையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். நாயக்கர் ஆட்களை நடத்துபவர். பாளையக்காரர் படைவீட்டை வைத்திருப்பவர். ஜமீன்தார் மண்ணை வைத்திருப்பவர். மனிதரிடமிருந்து கூடாரத்துக்கு, கூடாரத்திலிருந்து வரிப்புத்தகத்துக்கு. கூட வந்தவர்களுக்குப் பொறுப்பாயிருந்த தலைவர், முந்நூறு வருடத்துக்குள் குடியானவனிடம் தீர்வை வசூலித்துக் கம்பெனிக்குப் பேஷ்குஷ் என்னும் கப்பம் கட்டுகிறவர் ஆனார். வம்சம் அப்படியே இருந்தது, உறவு மாறிவிட்டது. அதை எந்த வரலாற்று நூலைவிடவும் இந்த மூன்று சொற்கள் எனக்குத் தெளிவாகச் சொல்கின்றன.

ஜமீன் காலத்தில் அவர்கள் சூடிக்கொண்ட சொந்தப்பெயர்களும் மாறின. சக்குவும் போடியும் எர்ரனும் போய், காமராஜ பாண்டிய நாயக்கர், குலசேகர பாண்டிய நாயக்கர் என்று வருகிறார்கள். தெலுங்கு வேர் கொண்ட குடும்பம் பாண்டியர் பெயரை நடுவில் ஏந்திக்கொள்கிறது. பாஞ்சாலங்குறிச்சியில் நடந்ததும் இதுதான். 'கெட்டி பொம்மு' என்ற தெலுங்குப் பெயருக்கு முன்னால் 'வீரபாண்டிய' வந்து சேர்ந்தது. ஆண்ட மண்ணின் பழைய அரச வம்சத்தோடு தங்களைப் பொருத்திக்கொள்ளும் ஆசை அதில் இருக்கிறது. அதைக் குறையாக நான் பார்க்கவில்லை. வந்தவர்கள் இந்த மண்ணுக்குள் எவ்வளவு தூரம் இறங்கிவிட்டார்கள் என்பதற்கு அது அடையாளம். போடி அரண்மனைச் சுவரில் இராமாயணம் ஓவியமாக விரிவதும் அதே போன்றதொரு வேர்விடுதல்தான்.

உண்மையிலேயே பாண்டிய வழி என்று சொல்லிக்கொள்ளும் குடும்பமும் இந்தப் பள்ளத்தாக்கைக் கடந்து போயிருக்கிறது. மதுரையை இழந்த பாண்டிய இளவரசர் ஒருவர் கம்பம், கூடலூர் வழியாக மலையேறிக் குமுளிக்கு அப்பால் பூஞ்ஞாறில் குடியமர்ந்தார் என்பது அவர்கள் மரபு. மதுரை மீனாட்சியையும் கூடவே கொண்டுபோனார்கள். பூஞ்ஞாறில் இன்றும் மீனாட்சி கோயில் இருக்கிறது. அவர்கள் 'பூஞ்ஞாறு ராஜா' என்று அறியப்பட்டார்கள். இடத்தின் பெயர் ஆளுக்கு, கிட்டத்தட்ட ஜெர்மன் முறையில். 1877 ஜூலை 11 அன்று பூஞ்ஞாறு ராஜா ஜான் டேனியல் மன்றோவுக்கு எழுதிக் கொடுத்த மலைதான் கண்ணன் தேவன் மலை. மலையடிவாரத்து அஞ்சுநாட்டில் வாழ்ந்த ஒரு தலைவரின் பெயரென்று சொல்லப்படும் கண்ணன் தேவன், இன்று நம் வீட்டு அடுப்படியில் தேயிலைப் பொட்டலமாக இருக்கிறார். மதுரையை ஆண்ட வம்சம் ஊர்ப்பெயருக்குள் போனது. மலைமேல் இருந்த ஒரு தலைவன் டீத்தூளின் பெயராக நாடெங்கும் போனான். பெயர்களின் விதியை யார் கணிக்க முடியும்?

போடிக்குத் திரும்புவோம். போடி நாயக்கரின் பேரர்கள் பட்டத்துக்கு வந்தபோது உலகம் அவர்களைப் 'போடிநாயக்கனூர் ஜமீன்தார்' என்று அழைத்தது. கவனித்துப் பாருங்கள். முதலில் தாத்தா தன் பெயரை ஊருக்குக் கொடுத்தார். பிறகு ஊர் அந்தப் பெயரைப் பேரனுக்குத் திருப்பிக் கொடுத்தது. எதிர்த்திசையில் தொடங்கிய பயணம் கடைசியில் ஜெர்மானியரின் 'ஃபான்' நிற்கும் அதே இடத்துக்கு வந்து சேர்ந்தது.

ஜெர்மனியில் 1918இல் முடியாட்சி போயிற்று. மறுவருடம் வைமர் அரசமைப்பின் 109ஆம் பிரிவு, பிரபுப் பட்டங்கள் இனிப் பெயரின் ஒரு பகுதி மட்டுமே என்று எழுதியது. சிறப்புரிமை போனது; 'ஃபான்' வெறும் குடும்பப் பெயராக மிஞ்சியது. இங்கே 1948இல் சென்னை மாகாணத்தின் 26ஆவது சட்டம் ஜமீன்களை ஒழித்து ரயத்துவாரிக்கு மாற்றியது. நமக்குக் குடும்பப் பெயர் வைக்கும் வழக்கம் இல்லாததால், இங்கே மிஞ்ச வேண்டியது ஊரில் மிஞ்சியது.

அப்பத்தாவின் தகரப்பெட்டி இப்போது என்னிடம் இருக்கிறது. அடியில் நாப்தலின் வாசத்தோடு சில கிரையப் பத்திரங்கள். மலையடிவாரத்தில் கொஞ்சம் மானாவாரிப் புஞ்சை வாங்கிய கணக்கு. 'மதுரை ஜில்லா பெரியகுளம் தாலுகா போடிநாயக்கனூர் ஜமீன்' என்று ஒவ்வொன்றும் தொடங்கும். எழுத்துக்காரரின் கை அழகானது. 'நாயக்கனூர்' என்பதன் 'க்க'வில் மட்டும் பேனாவை நன்றாக அழுத்துவார். அந்தக் கட்டின் கடைசியில் ஐம்பதுகளைச் சேர்ந்த ஒரு தீர்வை ரசீது இருக்கிறது. புதுப்படிவம் அச்சாகி வரவில்லை போலும், பழைய படிவத்திலேயே போட்டிருக்கிறார்கள். அச்சில் இருந்த 'ஜமீன்' என்ற சொல்லின் மேல் மசியால் ஒரே ஒரு கோடு. அதற்கு முன்னால் இருக்கும் போடிநாயக்கனூரை யாரும் தொடவில்லை.